குருவிக்குப் புது மூக்கு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தினமும் எதற்காவது நன்றி சொல்லி ஒரு வரி எழுதினால் ரத்தக் கொதிப்பு அடங்குமாம். என் மகள் மேகலா பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள். அவள் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. சிக்னல் மோசம். அந்தப் பிள்ளை வேறு வாய்க்குள்ளேயே பேசுகிறது. சுகந்திதான் போனை வாங்கிக் கேட்டு, என் எதிரே வந்து நின்று நிதானமாகத் திருப்பிச் சொன்னாள்.

சரி, முதல் நன்றி என் மனைவி சுகந்திக்கே. கல்யாணமான புதிதில் அடுக்களையில் நின்றபடியே "ஏனுங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். இப்போதெல்லாம் அப்படி இல்லை. எதுவானாலும் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேரே வந்து, என் தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். வயது ஏற ஏறத்தான் பெண்களுக்குப் புருஷன் மேல் பிரியம் வரும் போலிருக்கிறது. நல்லதுதான், வேண்டாம் என்றா சொல்வேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கோத்தகிரி நாள். கண்ணாடிக் கடை மேட்டுப்பாளையத்தில் இருந்தாலும், செவ்வாயும் வெள்ளியும் நானே காரை ஓட்டிக்கொண்டு மலையேறி, அங்கே இருக்கிற சின்னக் கிளையைத் திறப்பேன். எஸ்டேட் ஜனங்களும் படுகர் ஊர்க்காரர்களும் கண் பார்த்துப் பவர் எழுத எனக்காகக் காத்திருப்பார்கள். கீழே நான் ஒரு கடைக்காரன். மேலே "கண்ணாடிக்கார சார் வந்துட்டாரு" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அந்த இரண்டு நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். மலையில் கார் ஓட்ட முடியாத நாள் வந்தால் அது எனக்கு நல்ல நாளாக இருக்காது.

இன்று தேயிலைத் தோட்டக்காரர் போஜன் வந்தார். "பேப்பர்காரங்க எழுத்தைப் பொடிசாக்கிட்டாங்க சார். மை மிச்சம் பண்றாங்க" என்று ஒரே புகார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "எழுத்து அப்படியேதான் இருக்குதுங்க. உங்க கண்ணுதான் ரிட்டயர்டு ஆகப் பாக்குது." மனிதர் சண்டைக்கே வந்துவிட்டார். லென்ஸைப் போட்டுப் பேப்பரைக் கையில் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு அசட்டுச் சிரிப்பு. தன் கண்ணைத் தவிர ஊரில் உள்ள எல்லாவற்றையும் குறை சொல்கிறவர்களால்தான் என் பிழைப்பு நடக்கிறது. அவர்களுக்கும் நன்றி.

ஒரு கவலையும் எழுதி வைக்க வேண்டும். காரின் சத்தம் செத்துக்கொண்டே வருகிறது. எங்கள் கார் சின்னது, சிவப்பு. எந்தச் சந்திலும் நுழைந்துவிடும் என்பதால் சுகந்தி அதற்குக் குருவி என்று பேர் வைத்தாள். ஏற்றத்தில் திணறினால் கியரை இறக்கு என்று குருவியின் இஞ்சினே சத்தம் போட்டுச் சொல்லும். வேகம் பிடித்துவிட்டால் மாற்று என்று சொல்லும். நான் மீட்டரைப் பார்த்ததே இல்லை. இப்போது அது ஊமையாகிவிட்டது. இன்று இரண்டாவது கியரிலேயே ரொம்ப தூரம் முறுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சுகந்தி என் கையைத் தட்டி "கியருங்க" என்றாள். அவளுக்குக் கார் ஓட்டவே தெரியாது!

ஆமாம், இப்போதெல்லாம் அவளும் கூட வருகிறாள். கேரட் வாங்கணும், குளிர் காத்துப் படணும் என்று வாரா வாரம் ஒரு சாக்கு. முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலை இறக்கிவிட்டு, "மேல பஸ் வருதுங்க", "லாரி ஒண்ணு எறங்குதுங்க" என்று ஒரே நேர்முக வர்ணனை. வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது இவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. பேச்சுத் துணைக்கு நன்றி.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டியிருந்தாலும் பையன்கள் இந்த வருஷம் என்ன அடக்கம்! பக்கத்து வீட்டு டீச்சர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாமே அதிகப்படி.

இரவு மழை பெய்திருக்கிறது. காலையில் வாசல் நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். தூங்குகிறவனை எழுப்பாமல் பெய்த மழைக்கு நன்றி.

ஆகஸ்ட் 30, சனி

குருவியை அமீன் பாயிடம் கொண்டுபோனேன். ஊட்டி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் கார் வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இஞ்சின் சும்மா கிண்ணுனு இருக்குதுங்ணா" என்றார்.

"சத்தமே வரலயே, பாய்?"

"வருதுங்ணா."

அவருக்கும் வயதாகிறது, அவ்வளவுதான் சொல்வேன். சரி, ஏர் ஃபில்டரையாவது மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். கிளம்பலாம் என்று உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஸ்டீயரிங் வழியாகக் கைக்குள் ஒரு கரகரப்பு ஏறியது. பாய் ஓடிவந்து சாவியைப் பிடித்துக்கொண்டார். இஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாம். அதுதான் சொல்கிறேனே, ஓடுவதே தெரியாத அளவுக்கு இஞ்சின் ஊமையாகிவிட்டது. பாய் என் முகத்தையே பார்த்தார்.

அப்போது ஷெட்டில் கல்லூரிப் பையன் ஒருவனின் கார் நின்றிருந்தது. பானட்டுக்குள் கறுப்பு டப்பாவுக்குப் பதிலாகப் பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், அதன் நுனியில் சிவப்பாகக் கூம்பு ஃபில்டர். இஞ்சின் காற்று இழுக்கிற வழியையே மாற்றிவிடுகிற சாமான். பாய் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். அடி வயிற்றிலிருந்து ஒரு உறுமல் கிளம்பி வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குருவி பேசினால் இப்படித்தான் பேசும்.

"பாய், இது எனக்கு வேணும்."

"உங்களுக்கா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இஞ்சின் சத்தம் நல்லாவே கேக்கும்" என்று மெதுவாகத் தலையாட்டினார்.

செப்டம்பர் 5, வெள்ளி

சுகந்திக்குப் பிடிக்கவில்லை. "அது வயசுப் பசங்க மாட்டறதுங்க. அதை விட்டுட்டு ஒரு டாக்டரைப் பாக்கலாமே" என்றாள். "இஞ்சினுக்கு எதுக்கு டாக்டரு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் போகலாம், டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். என்னைக் கிழவனாக்கப் பார்க்கிறாள்.

ஆர்டர் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

பார்சல் நேற்றே வந்துவிட்டது. நானே மாட்டிவிடுவது என்று முடிவு. மூக்குக் கண்ணாடியின் திருகாணியை மாற்றுகிறவனுக்குக் கார் திருகாணி எம்மாத்திரம்? காலையில் சாப்பிட்டதும் போர்ட்டிகோவில் பானட்டைத் தூக்கி நிறுத்தினேன். சுகந்தி டார்ச் பிடித்தாள். முறைத்துக்கொண்டேதான், ஆனாலும் பிடித்தாள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர். பிறகு பழைய டப்பாவின் கிளிப்புகள், பத்தாம் நம்பர் ஸ்பேனரில் இரண்டு போல்ட், ரப்பர் குழாயின் கிளாம்ப், ஒரு சென்சாரின் வயர். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தால் அடியில் காய்ந்த யூகலிப்டஸ் இலைகளும் ஒரு செத்த தேனீயும். இத்தனை வருஷமாக நான் மலையில் ஓட்டிய ஓட்டமெல்லாம் அதற்குள் கிடந்தது. சுகந்தி ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். வாசம் இன்னும் இருந்ததாம்.

இஞ்சினின் வாய் திறந்து கிடக்கும்போது எதுவும் உள்ளே விழக்கூடாது. கடையில் லென்ஸ் துடைக்கிற துணியை மடித்து அதன் மேல் வைத்தேன். பிரேக்கெட்டைப் பொருத்தினேன். குழாயை நுழைத்தேன். பானட் மூடும்போது இடிக்கும் என்று தோன்றியதால் கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஒரு போல்ட் கைதவறி இஞ்சினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கடை ஸ்க்ரூடிரைவரின் காந்த நுனியை விட்டுத் துழாவி அதையும் மீட்டேன். கடைசியில் கூம்பு ஃபில்டர். அதற்கும் இஞ்சினுக்கும் நடுவே சூடு தாக்காமல் ஒரு தகடு. "வாய்ல துணி இருக்குதுங்க" என்று சுகந்தி நினைவுபடுத்தாவிட்டால் துணியோடு குழாயைப் பூட்டியிருப்பேன்.

மிஞ்சியது சென்சார் வயர் ஒன்றுதான். 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தவும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அழுத்தினேன். வரவில்லை. மறுபடி அழுத்தினேன். "பூட்டிருச்சுங்க, விடுங்க" என்றாள் சுகந்தி.

"உனக்கென்ன தெரியும்? டிக்னு சத்தம் வரணும்."

பெருவிரல் சிவக்கிற மாதிரி இன்னொரு அழுத்து அழுத்தினேன். ஏதோ நெகிழ்ந்து கொடுத்தது. சத்தம் மட்டும் வரவேயில்லை. மலிவுச் சாமான், என்ன செய்வது.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து ஒரு மிதி மிதித்தேன். ஆஹா! குருவி வாயைத் திறந்து பாடியது. மிதிக்க மிதிக்க ஏறியது, விட விட இறங்கியது. பக்கத்து வீட்டு டீச்சர் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் அவருக்குக் கையசைத்தேன்.

சுகந்தியைப் பார்த்து, "கேக்குது பாரு!" என்றேன். அவள் டார்ச்சை அணைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்காகச் சந்தோஷப்படுகிற ஒரு ஆள் இருப்பதற்கு நன்றி.

செப்டம்பர் 15, திங்கள்

மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அமீன் பாயிடம் ஓடினேன். சென்சார் வயரின் பூட்டு உடைந்துவிட்டதாம். "டிக்னு சத்தம் வந்ததுமே விட்டிருக்கணுங்ணா."

"வரவே இல்ல, பாய்."

"சரிங்ணா" என்று ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டினார். பழைய டப்பாவைப் பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர்கடையில் போடச் சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டேன். மற்றபடி நான் மாட்டியது அத்தனையும் சுத்தமாக இருக்கிறது என்றார். அவர் வாயால் அது வந்ததற்கு நன்றி.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோத்தகிரி. என்ன சுகம்! ஒவ்வொரு வளைவிலும் குருவி சொன்னது, நான் கியரை மாற்றினேன். பழைய ஈஸ்வரமூர்த்தி திரும்பி வந்துவிட்டான்.

சுகந்தி இன்று "பஸ் வருது, லாரி வருது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தாள், மேலே இருக்கிற கைப்பிடியை வழி முழுக்க விடவேயில்லை. இருந்தாலும் வாய் மூடி வந்தாள். என் ஓட்டுதலில் அவளுக்கு இப்போதாவது நம்பிக்கை வந்ததே.

செப்டம்பர் 22, திங்கள்

வீட்டில் பல்லிகளே இல்லை போலிருக்கிறது. அவை கத்தி எத்தனை காலமாயிற்று! நன்றி.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையில் லென்ஸ் அறுக்கிற மெஷின், பவர் பார்க்கிற பெட்டி, எழுத்துப் போர்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். வீட்டுக்கு வந்து குருவிக்கு மாலை. "ஃபில்டர் மேல மட்டும் பொடி ஏதும் தூவிப் போடாதீங்க, இஞ்சினுக்குள்ள இழுத்துக்கும்" என்று அமீன் பாய் போனில் சுகந்தியிடம் சொல்லியிருந்தார். அதனால் அலுமினியக் குழாயில் மட்டும் சந்தனப் பொட்டு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

எல்லாம் முடிந்தபின் சுகந்தி மிச்சச் சந்தனத்தோடு என்னிடம் வந்தாள். நெற்றியைக் காட்டினேன். நெற்றியில் வைக்கவில்லை. என் இரண்டு காதுமடலிலும் ஒவ்வொரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். இந்த வயதிலும் விளையாட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கும்பிட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

அக்டோபர் 10, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

ஏறுகிற வண்டிக்குத்தான் மலையில் வழி என்பார்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும். அதனால் மேலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருவான். கேட்டவுடன் சின்ன வண்டிகள் வளைவுக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். இது மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் நிற்கவில்லை. குருவியை முறுக்கி, அதன் பாட்டைக் கேட்டுக்கொண்டே வளைவுக்குள் போனேன். எதிரே பஸ்ஸின் முகம். வேறு ஒன்றும் கண்ணில் இல்லை. சுகந்தி அலறியது தெரியும். அவள் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். பிரேக்கை மிதித்து, மிதித்தபடியே இருந்தேன். நின்றபோது பஸ்ஸின் பம்பருக்கும் எங்கள் பானட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பக்கத்தில் தாழ்வான சுவர். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "எத்தன தடவங்க அடிக்கறது? கீழ இருக்கற ஊருக்கே கேட்டிருக்கும்! காதுல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கத்தினார். சுகந்தி இறங்கி, "தப்பு எங்க மேலதானுங்க, மன்னிச்சுக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சட்டென்று குரலை இறக்கினார். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார். "ஓரமா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க சார்" என்றார். கண்டக்டர் கைகாட்ட, நான் குருவியைப் பின்னால் எடுத்தேன். பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவரும் திட்டவில்லை.

சுவர் மேல் உட்கார்ந்தோம். சுகந்தி பேச ஆரம்பித்தாள். என் பக்கம் முகத்தைத் திருப்பி, நிதானமாக, எப்போதும் பேசுகிற மாதிரியே.

"வாரா வாரம் நான் எதுக்கு உங்க கூட வாரேன்னு நெனச்சீங்க? கேரட்டுக்கா?"

நான் கீழே பார்த்தேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து என்ற காது ஒண்ணுதான் இருந்துச்சு. ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு, ஹாரன் சத்தத்தக் கேட்டு உங்களுக்குச் சொல்லிட்டு வந்தேன். இந்தச் சனியனப் பூட்டி அதையும் அடைச்சுப்போட்டீங்க. அன்னிக்கிருந்து எனக்கும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. சாமியக் கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எனக்குக் காது கேக்கறதில்ல, சுகந்தி" என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. எனக்கு நானே சொல்லிக்கொள்ளாதது.

"தெரியுமுங்க."

"முன்னயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். எத்தனையோ தடவ சொன்னேன். கேட்டாத்தானே!"

அவளுக்கு அழுகை வந்தது. நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்தச் சுவர் மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் பைத்தியங்களைப் போலச் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

கிளைக்குப் போகவில்லை. அமீன் பாய்க்குப் போன் செய்தோம். அவர் பஸ் ஏறி வந்து குருவியைக் கீழே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 11, சனி

பேர் தெரியாத அந்த பஸ் டிரைவருக்கு நன்றி. அவருடைய பிரேக்குக்கும் தண்ணீருக்கும் நன்றி.

சுகந்தி உயிரோடு இருக்கிறாள். அடுக்களையில் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். இதற்கு மேல் என்ன எழுத?

அக்டோபர் 15, புதன்

கோயமுத்தூர். காது பரிசோதிக்கிற இடத்தில் ஷெரின் என்று ஒரு பெண். மேகலா வயதுதான் இருக்கும். என்னைக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும்.

முதலில் சில கேட்டன. பிறகு ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அந்தப் பக்கம் ஏதோ திருகுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் கை அசையும்போதெல்லாம் நானும் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தங்களுக்கு முன்னால் வந்தவர் படிப்பதைக் கேட்டு எழுத்துப் போர்டை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களை நானும் இப்படித்தான் பிடிப்பேன், போர்டைத் திருப்பிவிடுவேன். நானும் பட்டனை மடியில் வைத்துவிட்டு நேர்மையாக உட்கார்ந்தேன்.

முடிந்ததும் வெளியே வந்து, "எல்லாம் மெதுவாப் பேசறாங்கன்னு தோணுதுங்களா சார்?" என்று கேட்டாள்.

"கார்கூட" என்றேன்.

"கார் சத்தம் எங்கயும் போகலீங்க சார். அப்படியேதான் இருக்குது."

சொல்லிவிட்டு, நான் சண்டைக்கு வருவேனோ என்று ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போஜனை நான் பார்க்கிற பார்வை அது. நான் சண்டைக்குப் போகவில்லை. அசட்டுச் சிரிப்புத்தான் வந்தது. சுகந்தி பக்கத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

காது மெஷின் வந்து சேரும்வரை கார் கிடையாது என்று நானே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே கோத்தகிரி போய்க் காத்திருப்பவர்களுக்குக் கண் பார்க்கலாம் என்று சுகந்தி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அவளும் வருவாளாம். இந்த முறை சாக்கு எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தம் இந்த வருஷமும் குறைவுதான். ஏனென்று இந்த வருஷம் தெரியும்.

அக்டோபர் 29, புதன்

இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டினார்கள்.

உலகத்தில் இவ்வளவு இரைச்சலா! என் செருப்பு சரசரக்கிறது. சட்டை உரசுகிறது. நான் முறுக்குக் கடிப்பது எனக்கே பெரிய கலவரமாக இருக்கிறது. மேகலாவுக்குப் போன் போட்டால், அந்தப் பிள்ளை வாய்க்குள் பேசவே இல்லை. கணீரென்று பேசுகிறது. "அப்பா, கேக்குதாப்பா?" என்றாள். "கேக்குது அம்மிணி" என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முன்பானால் சிக்னல் போய்விட்டது என்று போனை வைத்திருப்பேன்.

சுவரில் பல்லி கத்தியது. பாவம், இத்தனை நாளும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சாயங்காலம் குருவியை ஸ்டார்ட் செய்தேன். ஒரு மிதிதான். காதிலிருந்து மெஷினைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. பாட்டாவது ஒன்றாவது! இந்தக் கூச்சலையா சுகந்தியும் டீச்சரும் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டார்கள்? டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க, நான் பஞ்சு வெச்சுக்குவேன்" என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

பழைய டப்பாவைப் போலவே ஒன்று எங்காவது பழைய சாமான் கடையில் கிடைக்குமா என்று கேட்கத்தான் அமீன் பாயிடம் போனேன். அவர் அலமாரி மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினார். உள்ளே எங்கள் டப்பாவே. கழுவித் துடைத்து, புது ஃபில்டர் போட்டு வைத்திருந்தார்.

"ஆக்கர்கடையில போடச் சொன்னேனே, பாய்?"

"திரும்பி வருவீங்கன்னு தெரியுமுங்ணா. ஓடற இஞ்சினுக்குச் சாவி போட்டீங்களே, அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு." பிறகு தலையைச் சொறிந்தார். "நானும் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். உங்களுக்குக் காதுதான் சரியில்ல, இஞ்சின் சத்தம் பெருசா வந்தா கியர் ஒழுங்காப் போடுவீங்க, கிளட்ச் தப்பிக்கும்னு நெனச்சுத்தான் தலையாட்டினேன். ஹாரனை யோசிக்கவே இல்லீங்ணா. அக்கா அன்னிக்குப் போன் பண்ணி அழுதப்பதான் உறைச்சுது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு பேர் எனக்குத் தெரியாமல் என்னைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! நான் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"நானே மாட்டறேன் பாய்" என்றேன். நகர்ந்து வழிவிட்டார்.

கூம்பைக் கழற்றினேன். குழாய், தகடு, பிரேக்கெட் எல்லாம் வெளியே. டப்பாவை இறக்கி, போல்ட் போட்டு, கிளாம்பை இறுக்கினேன். இந்த முறை ஸ்பேனர் இரும்பில் உரசுவது கேட்டது. கிளிப் ஒவ்வொன்றும் 'டப்' என்று விழுந்தது. சென்சார் வயருக்குப் பாய் புதுப் பூட்டு வைத்திருந்தார். நுனியைப் பொருத்திப் பெருவிரலால் லேசாக அழுத்தினேன்.

டிக்.

சின்னச் சத்தம்தான். கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். கழற்றி மறுபடி மாட்டினேன். டிக். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போதுங்ணா, இதையும் ஒடைச்சுப்போடாதீங்க" என்றார்.

இஞ்சினை ஓடவிட்டோம். மெதுவாக, சீராக, குருவி தன் பழைய குரலில் பேசியது. அது ஊமையாக ஆனதே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

குருவியில் கோத்தகிரி. ஜன்னல் திறந்திருந்தது. அந்த வளைவுக்குக் கீழே வரும்போதே மேலே ஹாரன். சுகந்தி வாயைத் திறந்தாள். "பஸ்" என்று நான் முந்திக்கொண்டு சொல்லி, காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். பஸ் நிதானமாகத் திரும்பிக் கடந்துபோனது. அதே டிரைவர் இல்லை. இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

சுகந்தி கைப்பிடியை விட்டாள். கொஞ்ச தூரத்தில் தூங்கிவிட்டாள். என் பக்கத்தில் அவள் தூங்கி வருவதை ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான் பார்த்தேன். அவள் மூச்சும் எனக்குக் கேட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

அடுக்களையில் குக்கர், தண்ணீர், வளையல் எல்லாம் இங்கே ஹாலில் உட்கார்ந்தபடியே கேட்கிறது. சாயங்காலம் அங்கிருந்து ஒரு குரல். "ஏனுங்க!"

எத்தனை வருஷமாயிற்று! எனக்கு நன்றாகக் கேட்டது. என்ன என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு ஒரு யோசனை வந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

"ஏனுங்க, உங்களைத்தான்!"

பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அடுப்பைக் குறைக்கிற சத்தம். கையைத் துடைக்கிற சத்தம். நடந்து வருகிற மெட்டி. தோளில் அவள் கை. திரும்பினேன். முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக, "காப்பி குடிக்கறீங்களா?" என்றாள்.

"குடிக்கலாமே" என்றேன்.

அவள் என் காதில் இருந்த மெஷினைப் பார்த்தாள். என் கையில் இருந்த பேப்பரையும் பார்த்தாள். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். திரும்பி நடந்தாள். அடுக்களை வாசலை அடைந்ததும், முதுகை எனக்குக் காட்டியபடியே, ரொம்ப மெதுவாக முணுமுணுத்தாள்.

"இந்த மனுசனுக்கு நடிக்கவும் தெரியாது."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. நன்றி.